சராசரி இடைவெளி சரியாக இருந்தும் தலைகீழ் ஊசல் ஏன் உதைக்கின்றது? – எண்முறைக் கட்டுப்பாட்டில் நேரத் தளம்பல்

கோண்டாவில் மாணவன்

வணக்கம். இறுதியாண்டுச் செயற்றிட்டமாக, வண்டியொன்றின் மேல் நிமிர்ந்து நிற்கும் தலைகீழ் ஊசலைச் செய்து வருகின்றேன். ஊசல் 45 சென்ரிமீற்றர் நீளமான சீரான அலுமினியக் குழாய். அதன் கோணத்தை அச்சிற் பொருத்திய மாறுந்தடையும், வண்டியின் இடத்தை மோட்டரோடு சேர்ந்து வந்த என்கோடரும் (சுழற்சியைத் துடிப்புகளாக எண்ணும் உணரி) தருகின்றன. கணிப்பு நடப்பது ஆர்டுயினோ ஊனோ என்ற நுண்கட்டுப்படுத்திப் பலகையில். 10 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை கட்டுப்பாட்டுக் கணிப்பு நடைபெறும்படி, பலகை தொடங்கியதிலிருந்து சென்ற மில்லிசெக்கன்களைத் தரும் மில்லிஸ் சார்பைப் பார்த்து, முன்னைய நேரத்தோடு பத்தைக் கூட்டிக்கொண்டு போகும் வழமையான முறையில் நிரலை எழுதியுள்ளேன்.

வெறும் பலகையாக இருந்தபோது ஊசல் நன்றாகவே நின்றது. கோணத்தையும் இடத்தையும் காட்டுவதற்காக 16×2 எல்.சி.டி. திரையொன்றை இரு கம்பி ஐ-ஸ்குவெயர்-சி இணைப்பில் பொருத்தி, அரைச் செக்கனுக்கு ஒருமுறை இரு வரிகளையும் எழுதச் செய்தேன். அதன் பின்னர், ஊசல் விழாவிட்டாலும் வண்டி முன்னும் பின்னும் உதைத்து உதைத்து ஓடுகின்றது. நயங்கள் (பிழையை எத்தனை மடங்காக்கி மோட்டருக்குக் கொடுப்பது என்ற பெருக்கெண்கள்) எதனையும் நான் மாற்றவில்லை. நேரம் பிசகுகின்றதோ என்று ஐயுற்று, 1,000 கணிப்புகளுக்குச் சென்ற மொத்த நேரத்தை அளந்து பிரித்துப் பார்த்தபோது, சராசரி 10 மில்லிசெக்கன் என்றே வந்தது.

சராசரி சரியாக இருக்கும்போது திரை எப்படி ஊசலைப் பாதிக்கின்றது? இடைவெளியை 10 இலிருந்து 1 மில்லிசெக்கனுக்குக் குறைத்தால் இது தீருமா? எவ்வளவு நேரத் தளம்பலை, அதாவது இடைவெளி கூடிக் குறைவதை, ஒரு கட்டுப்பாட்டுச் சுற்று தாங்கும் என்பதை, விழுத்திப் பார்க்காமலே முன்கூட்டிக் கணிக்க வழியுண்டா? நயங்களைக் குறைத்துவிட்டுத் திரையோடு வாழலாம் என்று கூடப் படிப்பவர்கள் சொல்கின்றார்கள்; காரணம் விளங்காமல் நயத்தில் கைவைக்க எனக்கு மனமில்லை. கட்டுப்பாட்டியலில் அவத்தை விளிம்பு (சுற்று உறுதியை இழக்குமுன் தாங்கக்கூடிய மேலதிக அவத்தைப் பின்னடைவு) வரை படித்திருக்கின்றேன். ஊசல் மாதிரியுருவிலிருந்து வரைந்த, மீடிறனுக்கு எதிரே நயத்தையும் அவத்தையையும் காட்டும் போடே வரைபின்படி, நயம் ஒன்றாகும் மீடிறன் செக்கனுக்கு ஏறத்தாழ 20 ஆரையன். அவத்தை விளிம்பு 40 பாகை.

சுன்னாகம் மின்னியலாளர்

தம்பி, உமது நிரல் எழுதப்பட்ட முறையில் சராசரி 10 மில்லிசெக்கனாக வராமல் இருக்கவே முடியாது. முன்னைய நேரத்தோடு பத்தைக் கூட்டும் அந்த முறையின் நோக்கமே, பிந்திய கணிப்புகளைப் பின்னர் ஓடிப்பிடித்து, மொத்த எண்ணிக்கையைக் குறையாமல் வைத்திருப்பதுதான். மணிக்கூட்டுக்கு அது நல்ல குணம். ஊசலுக்கு அது தீங்கு. ஆகவே சராசரியை விட்டுவிட்டு, ஒரு திரை எழுத்து நடக்கும் அந்த அரைக்கணத்தை மட்டும் விரித்துப் பார்ப்போம்.

அந்த வகைத் திரைக்கு வழமையான லைப்ரரி ஒவ்வோர் எழுத்தையும் இரண்டு அரைவாசிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அரைவாசிக்கும் பல தடவை கம்பியிற் பேசுகின்றது. 100 கிலோஹேர்ட்ஸ் வேகத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு மில்லிசெக்கனுக்கு மேற் செல்லும். 32 எழுத்துகளும் இரண்டு இடக்கட்டளைகளும் சேர்ந்தால் ஏறத்தாழ 45 மில்லிசெக்கன் என்று வைத்துக்கொள்ளும். அந்த நேரம் முழுவதும் உமது பிரதான நிரல் திரைக்குள் நிற்கின்றது. நேரம் 0 இல் ஒரு கணிப்பு நடந்தது. 10, 20, 30, 40 இல் நடக்க வேண்டியவை நடக்கவில்லை. 45 இல் திரை விட்டதும் அந்த நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றும் ஒரு மில்லிசெக்கனுக்குள் ஓடி முடிகின்றன. பிறகு 50 இல் அடுத்தது உரிய நேரத்துக்கு வந்து சேர்கின்றது. ஐந்து கணிப்புகள், 50 மில்லிசெக்கன், சராசரி பத்து. கணக்கு எவ்வளவு அழகாகப் பொருந்துகின்றது என்று பாரும்.

இனி ஊசலின் பக்கம் பார்ப்போம். 45 சென்ரிமீற்றர் சீரான கோலுக்குச் சமவலு நீளம் அதன் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 30 சென்ரிமீற்றர். புவியீர்ப்பு ஆர்முடுகல் 9.81 ஐ 0.3 ஆற் பிரித்து வர்க்கமூலம் எடுத்தால் 5.7 வருகின்றது. அதன் பொருள், எவரும் தொடாமல் விட்டால் சாய்வு செக்கனுக்கு 5.7 என்ற அடுக்கு வீதத்தில் வளரும் என்பதாகும். 10 மில்லிசெக்கனில் அது 6 சதவீதம் வளரும். 45 மில்லிசெக்கனில் 29 சதவீதம் வளரும். அதுவரை மோட்டரில் நிற்பது பழைய கட்டளை. நேரம் 0 இல் அது சரியாக இருந்தது, 30 இல் அரைகுறை, 45 இல் அநேகமாகப் பிழை.

இதைவிடக் கெட்டது வகையீட்டு உறுப்பில், அதாவது சாயும் வேகத்தைப் பார்த்துத் தணிப்பைத் தரும் பகுதியில், நடக்கின்றது. நிரலில் கோண வேறுபாட்டை 10 மில்லிசெக்கனால் பிரிக்கின்றீர் என்று நினைக்கின்றேன். பெரும்பாலானோர் அப்படித்தான் எழுதுவர். ஊசல் செக்கனுக்கு 60 பாகை வேகத்தில் சாய்கின்றது என்று கொள்ளும். 45 மில்லிசெக்கனில் அது 2.7 பாகை நகர்ந்திருக்கும். அதைப் பத்தாற் பிரித்த நிரல், வேகம் 270 பாகை என்று அலறும். அடுத்த மூன்று கணிப்புகளும் ஒரு மில்லிசெக்கனுக்குள் வருவதால் கோணத்தில் மாற்றமே தெரியாது; வேகம் சுழி என்று சொல்லும். 50 இல் வருவது 30 என்று சொல்லும். 270, 0, 0, 0, 30 ஆகியவற்றின் சராசரி மறுபடியும் 60 தான். ஆனால் 270 என்ற கட்டளை மோட்டரில் ஒரு மில்லிசெக்கன்கூட நிற்பதில்லை. வேகமே இல்லை என்ற கட்டளைதான் அடுத்த 5 மில்லிசெக்கன் நிற்கின்றது, அதன் பின்னர் பாதி வேகம் என்ற கட்டளை 10 மில்லிசெக்கன் நிற்கின்றது. ஊசல் தணிப்பை மிகவும் வேண்டி நிற்கும் நேரத்திலேயே அதன் தணிப்பைப் பறிக்கின்றீர்.

ஒரு சோதனை செய்யும். திரை எழுதும் இடைவெளியை 500 இலிருந்து 700 மில்லிசெக்கனாக மாற்றி, வண்டி உதைக்கும் தாளத்தைக் கவனியும். உதைப்பு செக்கனுக்கு இரண்டு என்ற நிலையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைக்கு இறங்கினால், அது ஊசலின் சொந்த அலைவு அன்று, திரை தரும் உதைப்பு. 2 ஹேர்ட்ஸ் என்பது செக்கனுக்கு 12.6 ஆரையன், உமது சுற்று உயிரோடு இருக்கும் மீடிறன் வீச்சுக்குள்ளேயே அது விழுகின்றது. அதனாற்றான் அது பார்ப்பதற்கு நயம் கூடிய சுற்றின் அலைவு போலத் தோன்றி, நயத்தைக் குறைக்கச் சொல்லி உம்மை ஏமாற்றுகின்றது. நிலையற்ற ஊசலில் நயத்தைக் குறைப்பது விழுவதற்கு அண்மையிற் போவதாகும். மனமில்லை என்று நீர் நின்றது நல்லது.

காரைநகர்க்காரன்

மேலே ஐயா சொன்ன விளக்கத்துக்குப் பிறகு, செய்ய வேண்டியதைப் பற்றி மட்டும் எழுதுகின்றேன்.

முதலில் அளவுங்கள், ஆனால் அளக்கும்போது குழப்பாதீர்கள். ஒவ்வொரு கணிப்பிலும் சீரியல் வழியாக நேரத்தை அச்சிட்டால், 9600 வேகத்தில் ஓர் எழுத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிசெக்கன் செல்கின்றது. அனுப்பக் காத்திருக்கும் எழுத்துகள் தங்கும் 64 பைட் தாங்ககம் நிரம்பியதும் அச்சிடும் கட்டளை அந்த இடத்திலேயே காத்து நிற்கும். நோயைக் கண்டுபிடிக்கும் கருவியே நோயாகிவிடும். கணிப்புத் தொடங்கும் இடத்தில் ஒரு முனையை உயர்த்தி, முடியும் இடத்தில் இறக்குங்கள். அலைவுகாட்டியோ மலிவான லொஜிக் அனலைசரோ இருந்தால் தொடக்கங்களின் தளம்பலும், கணிப்புக்குச் செல்லும் நேரமும் ஒரே பார்வையிற் தெரியும். இரண்டும் இல்லாவிட்டால், மைக்ரோஸ் சார்பால் இடைவெளியை அளந்து, மிகக்குறைந்த பெறுமானத்தையும் மிகக்கூடிய பெறுமானத்தையும் மட்டும் நினைவில் வைத்து, வண்டியை நிறுத்திய பின் அச்சிடுங்கள். ஊனோவில் மைக்ரோஸின் நுணுக்கம் 4 மைக்கிரோசெக்கன். இந்த வேலைக்கு அது தாராளம்.

அடுத்ததாக, கட்டுப்பாட்டைப் பிரதான நிரலிலிருந்து எடுத்து டைமர் 1 இன் இன்டரப்டுக்குள் (ஓடும் வேலையை இடைநிறுத்திவிட்டு உடனே நடக்கும் சிறு நிரலுக்குள்) வையுங்கள். 16 மெகாஹேர்ட்ஸ் கடிகாரத்தை 64 ஆல் வகுத்து, ஒப்பீட்டுப் பெறுமானத்தை 2499 என்று வைத்தால் சரியாக 10 மில்லிசெக்கன் வரும். டைமரில் ஒரு கொடியை மட்டும் உயர்த்திவிட்டுக் கணிப்பைப் பிரதான நிரலிற் செய்யலாம் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். உங்களுக்கு அது உதவாது, ஏனென்றால் கொடியைப் பார்க்க வேண்டிய பிரதான நிரல் திரைக்குள் நிற்கின்றது. கணிப்பே இன்டரப்டுக்குள் நடக்க வேண்டும். திரை எழுத்து பிரதான நிரலில் ஆறுதலாக நடக்கட்டும்; இடையிடையே அது நிறுத்தப்பட்டாலும், கடிகாரக் கம்பியை ஆட்டுவது நமது பலகையே என்பதால் திரை பொறுத்துக்கொள்ளும். ஒரு கணிப்புக்கும் அடுத்ததற்கும் இடையிலான பிசகு அப்போது மற்றைய சிறு இன்டரப்டுகளின் நீளத்தளவாக, சில மைக்கிரோசெக்கன்களாகச் சுருங்கிவிடும்.

இதில் மூன்று கண்ணிகள் உள்ளன. டைமர் 1 ஐ எடுத்துக்கொண்டால் 9 ஆம், 10 ஆம் முனைகளின் பி.டபிள்யு.எம். (துடிப்பின் அகலத்தால் மோட்டரின் வலுவை மாற்றும் வெளியீடு) கெட்டுவிடும், மோட்டர் அங்கே இருந்தால் 5, 6 அல்லது 11 க்கு மாற்றுங்கள். இன்டரப்டுக்குள் இருந்து திரைக்கோ சீரியலுக்கோ எழுத முயலாதீர்கள். ஐ-ஸ்குவெயர்-சி லைப்ரரி தானே இன்டரப்டில் தங்கியிருப்பதால் பலகை அப்படியே உறைந்துவிடும். மூன்றாவது, பலர் தவறவிடுவது: ஊனோவில் ஓர் இன்டரப்ட் ஓடும்போது மற்றையவை காத்து நிற்கும், ஒவ்வொன்றும் ஒரேயொரு நிகழ்வைத்தான் நினைவில் வைத்திருக்கும். கட்டுப்பாட்டுக் கணிப்பு நீண்டால், அதற்குள் வரும் இரண்டாவது என்கோடர் துடிப்பு தொலைந்துவிடும். வண்டியின் இடம் மெல்ல மெல்ல வழுவும். ஆகவே கணிப்பை முழுவெண்களில் வைத்துக் குறுக்குங்கள், அல்லது கோணத்தையும் இடத்தையும் வாசித்து முடித்ததும் இன்டரப்டுகளை மீண்டும் அனுமதித்துவிட்டு மிகுதியைச் செய்யுங்கள்.

ஓடிப்பிடிக்கும் அந்த முறையை, டைமருக்கு மாறாவிட்டாலும், இன்றே கைவிடுங்கள். பிந்தியது பிந்தியதுதான். பிந்தியிருந்தால் தவறிய கணிப்புகளை விட்டுவிட்டு, ஒன்றை மட்டும் செய்து அடுத்த நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

அச்சுவேலியாள்

கேள்வியின் மூன்றாம் பகுதியை, அதாவது முன்கூட்டிக் கணிப்பதை, இன்னும் எவரும் தொடவில்லை. அதுதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி. சற்று நீளமாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாதிரியெடுத்து, அடுத்த மாதிரி வரும்வரை வெளியீட்டைப் பிடித்து வைத்திருக்கும் எந்தச் சுற்றும், இடைவெளியின் அரைவாசிக்குச் சமமான சராசரித் தாமதத்தைத் தனக்குள் கொண்டிருக்கின்றது. உங்கள் சுற்றில் 10 மில்லிசெக்கனுக்கு அது 5 மில்லிசெக்கன். செக்கனுக்கு 20 ஆரையன் என்ற மீடிறனில் அது 0.1 ஆரையன், ஏறத்தாழ 5.7 பாகை. 40 பாகை விளிம்பிலிருந்து அதைக் கழித்தாலும் சுற்று செழிப்பாகவே இருக்கின்றது. இடைவெளி 45 ஆகும்போது சராசரித் தாமதம் 22.5 மில்லிசெக்கன்; அது தின்னும் அவத்தை 26 பாகை. மிஞ்சுவது 14. இந்த எளிய கணக்கே உதைப்பை ஓரளவு விளக்கிவிடும்.

ஆனால் அவத்தை விளிம்பைக்கொண்டு செய்யும் கணக்கு மாறாத தாமதத்துக்கு உரியது. 40 பாகை என்பது 0.698 ஆரையன், அதை 20 ஆற் பிரித்தால் 35 மில்லிசெக்கன் என்ற தாமத விளிம்பு கிடைக்கின்றது. தாமதம் என்றென்றும் ஒரே பெறுமானத்தில் நின்றால், 35 வரை சுற்று உறுதியாக இருக்கும் என்பதுதான் அதன் பொருள். தாமதம் ஒவ்வொரு கணிப்புக்கும் மாறினால் அந்த எண் எதற்கும் உத்தரவாதம் தராது. மாறும் தாமதத்துக்குரிய எளிய நிபந்தனையொன்றைச் சுங்-யாவ் காவோவும் போ லிங்கனும் 2004 இல் ஆட்டோமேட்டிக்கா சஞ்சிகையில் வெளியிட்டார்கள். மூடிய சுற்றின் நயம், செக்கனுக்கு ஆரையனில் மீடிறன், செக்கனில் மிகக்கூடிய தாமதம் ஆகிய மூன்றின் பெருக்கம் எல்லா மீடிறன்களிலும் 1 இலும் குறைவாக இருந்தால், சுழிக்கும் அந்த மிகக்கூடிய பெறுமானத்துக்கும் இடையில் தாமதம் எப்படித் தளம்பினாலும் சுற்று உறுதியானது. போடே வரைபு ஒன்றில், சரிவாக இறங்கும் ஒரு நேர்கோட்டுக்குக் கீழே மூடிய சுற்றின் நய வளையி முழுவதும் அடங்குகின்றதா என்று பார்ப்பதுதான் முழு வேலையும்.

உங்கள் எண்களை இடுவோம். நயம் ஒன்றாகும் மீடிறனில் மூடிய சுற்றின் நயம், அவத்தை விளிம்பின் அரைவாசியின் சைனை இரட்டித்து, அதனால் ஒன்றைப் பிரித்தது. 40 பாகைக்கு அது 1.46. அதை 20 ஆற் பெருக்கித் தலைகீழாக்கினால் 34 மில்லிசெக்கன். மற்றைய மீடிறன்களையும் பார்க்கும்போது இந்த எண் இன்னும் குறையலாம், கூடாது. பிடித்து வைக்கும் வெளியீட்டின் வயது, மாதிரியெடுத்த கணத்தில் சுழியிலிருந்து தொடங்கி அடுத்த மாதிரி வரை ஏறுவதால், 10 மில்லிசெக்கன் சுற்று என்பது சுழிக்கும் பத்துக்கும் இடையில் தளம்பும் தாமதமாகும். 34 க்கு அது நன்றாக உள்ளே. 45 வெளியே. நிபந்தனை போதுமானதே தவிர அவசியமானது அன்று. ஆகையால் வெளியே போனதும் ஊசல் விழவேண்டும் என்றில்லை, விழாது என்று சொல்ல எவராலும் முடியாது என்பதே உண்மை.

மாறும் நேரம் ஏன் இவ்வளவு பொல்லாதது என்று கேட்பவர்களுக்கு, உயர்தர இணைந்த கணிதத்தோடு நிறுத்தியவர்களும் கையாற் செய்து பார்க்கக்கூடிய ஓர் உதாரணம். இரண்டு தாயங்களை எடுங்கள். முதலாவதன் மேல்வரி 0.5, 2, கீழ்வரி 0, 0.5. இரண்டாவதன் மேல்வரி 0.5, 0, கீழ்வரி 2, 0.5. இரண்டினதும் ஐகன் பெறுமானங்கள் (திரும்பத் திரும்பப் பிரயோகிக்கும்போது நிலை எத்தனை மடங்காகும் என்பதைக் காட்டும் எண்கள்) 0.5 மட்டுமே, எந்த ஒன்றையும் திரும்பத் திரும்பப் பிரயோகித்தால் நிலை சுழிக்கு ஒடுங்கும். இப்போது ஒன்றுவிட்டு ஒன்றாக மாற்றிப் பிரயோகியுங்கள். பெருக்கத்தின் மேல்வரி 4.25, 1, கீழ்வரி 1, 0.25, பெரிய ஐகன் பெறுமானம் ஏறத்தாழ 4.49. ஒவ்வோர் இரட்டை அடிக்கும் நிலை நான்கரை மடங்காகப் பெருகுகின்றது. மாதிரி இடைவெளி மாறும்போது கட்டுப்பாட்டுச் சுற்றின் தாயமும் மாறுகின்றது. ஒவ்வோர் இடைவெளிக்கும் தனித்தனியே உறுதியைச் சோதித்துவிட்டு இரண்டுக்கும் இடையே தாவுவது ஆபத்தானது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். கோவில் மேளத்தில் தாளம் தாழ்ந்த காலத்திற் போனாலும் நாதஸ்வரக்காரர் அதற்கேற்ப ஊதிவிடுவார், தவில் ஒருமுறை முந்தி ஒருமுறை பிந்தினால்தான் அவருக்குத் திண்டாட்டம்.

இதிலிருந்து வடிவமைப்புக்கு ஒரு வழி பிறக்கின்றது. மாறாத தாமதம் எவ்வளவு என்று தெரிந்தால், அதை ஊசலின் மாதிரியுருவில் ஒரு பகுதியாக எழுதி, நிலையை அந்த அளவு முன்கூட்டி ஊகித்து, இழந்த அவத்தையிற் பெரும்பகுதியை மீட்கலாம். தளம்பும் தாமதத்துக்கு அப்படி முன்கூட்டி எழுத எதுவுமில்லை. ஆகவே கணிப்புக்குச் செல்லும் நேரம் சில வேளை 2, சில வேளை 8 மில்லிசெக்கன் என்று மாறும் சுற்றுகளில், வெளியீட்டை உடனே கொடுக்காமல் அடுத்த மாதிரிக் கணத்தில் மட்டும் கொடுத்து, தாமதத்தை வேண்டுமென்றே ஒரு முழு இடைவெளியாக நிலைப்படுத்துவார்கள். உங்களுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. உங்கள் கணிப்பு ஒரு மில்லிசெக்கனுக்குள் முடிகின்றது, அதற்காக 20 ஆரையனில் 11 பாகையை விலையாகக் கொடுப்பது வீண். வாசித்ததும் கணித்து உடனே வெளியிடுங்கள். அடுத்த முறைக்கான கூட்டல் கழித்தல்களை வெளியிட்ட பின்னர் செய்யுங்கள்.

இடைவெளியை 1 மில்லிசெக்கனாகக் குறைக்கும் எண்ணத்தையும் கைவிடலாம். 10 பிட் வாசிப்பில், 300 பாகை சுழலும் மாறுந்தடைக்கு ஒரு படி 0.29 பாகை. 10 மில்லிசெக்கனில் ஒரு படி தாவினால் வேகம் செக்கனுக்கு 29 பாகை என்று தெரியும். 1 மில்லிசெக்கனில் அதே தாவல் 290 பாகையாகத் தெரியும். வடிகட்டி போட்டு அதை அடக்கப் போனால், வடிகட்டி தரும் தாமதம் நீங்கள் மீட்ட தாமதத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். பத்தின் பெயரில் நாற்பத்தைந்து ஒளிந்திருந்ததுதான் உங்கள் சிக்கல்.

மட்லாப் என்ற கணிப்பு மென்பொருள் கிடைக்குமானால், சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் உருவான ட்ரூடைம், ஜிட்டர்பக் என்ற இரு கருவித்தொகுதிகளையும் பாருங்கள். முதலாவது, கட்டுப்பாட்டு நிரல் உண்மையான நேர ஒழுங்கில் ஓடுவதை ஊசலோடு சேர்த்துப் போலச்செய்து காட்டும். இரண்டாவது, நேரத்தின் நிகழ்தகவுப் பரம்பலைக் கொடுத்தால் செயலாற்றல் எவ்வளவு கெடும் என்பதை எண்ணாகத் தரும். அறிக்கையில் ஒரு பக்கத்துக்கு அது நல்ல பொருள்.

மானிப்பாய் வளவு

என் வளவில் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டி ஒன்றை இதே பலகையில் நடத்துகின்றேன். வெப்பமானி 12 பிட் வாசிப்புக்கே 750 மில்லிசெக்கன் எடுக்கின்றது, நிரல் முழுக்க டிலே கட்டளைதான், திரையும் இருக்கின்றது, 37.5 பாகையில் ஓர் ஆட்டமும் இல்லாமல் நிற்கின்றது. இவ்வளவு கணக்கு உண்மையில் வேண்டுமா? ஈ.எஸ்.பி. 32 என்ற வேகமான பலகைக்கு மாறிவிட்டால் வேகத்திலேயே எல்லாம் மறைந்துவிடாதா?

காரைநகர்க்காரன்

பெட்டிக்கு வேண்டாம். அதன் நேர மாறிலி நிமிடக் கணக்கில் இருப்பதால் 750 மில்லிசெக்கன் அதற்குத் தெரியவே தெரியாது. தளம்பலை இடைவெளியோடு மட்டும் ஒப்பிடாமல், கட்டுப்படுத்தப்படும் பொருள் எவ்வளவு விரைவாக மாறுகின்றது என்பதோடு ஒப்பிட வேண்டும். ஊசல் 45 மில்லிசெக்கனில் கால்வாசிக்கு மேல் வளர்கின்றது.

ஈ.எஸ்.பி. 32 பற்றி: வேகமான பலகையில் கணிப்பு குறுகும், ஆனால் திரைக்காகக் காத்திருக்கும் நேரம் கம்பியின் வேகத்தைப் பொறுத்தது, அது அப்படியே இருக்கும். அந்தப் பலகையின் நன்மை, ஃப்ரீஆர்டொஸ் என்ற நிகழ்நேர இயக்கமுறைமை வழியாகக் கட்டுப்பாட்டையும் திரையையும் தனித்தனிப் பணிகளாகப் பிரித்து முன்னுரிமை கொடுக்க முடிவதுதான். அங்கேயும் காத்திருப்பதற்கு வீடாஸ்க்டிலே என்ற கட்டளையைப் போட்டால், கணிப்புக்குச் சென்ற நேரம் ஒவ்வொரு முறையும் இடைவெளியோடு கூடிக்கொண்டே போகும். முன்னைய நேரத்திலிருந்து எண்ணும் வீடாஸ்க்டிலேஅன்டில் என்பதைத்தான் போடவேண்டும். வைஃபை வேலைகள் செயலியின் சுழியாம் கருவில் நடப்பதால், கட்டுப்பாட்டை முதலாம் கருவிற் கட்டி வையுங்கள். பணிகளின் மொத்தச் சுமை 69 சதவீதத்துக்குள் இருந்தால், இடைவெளி குறுகிய பணிக்கு உயர்ந்த முன்னுரிமை என்ற ஒழுங்கில் எல்லாம் காலக்கெடுவுக்குள் முடியும் என்பது லியூவும் லேலண்டும் 1973 இல் நிறுவிய முடிவு. பலர் அதைக் காட்டி நிம்மதியடைவார்கள். கெடுவுக்குள் முடியும் என்பது மட்டுமே அதன் உத்தரவாதம். கெடுவுக்குள் எந்தக் கணத்தில் முடியும் என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. முன்னுரிமை குறைந்த பணியொன்று ஒருமுறை 1 மில்லிசெக்கனிலும் அடுத்தமுறை 9 இலும் முடிந்தாலும் கெடு மீறப்படவில்லை, ஊசல் மட்டும் ஆடும். கட்டுப்பாட்டுப் பணிக்கே மேலான முன்னுரிமை என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கோண்டாவில் மாணவன்

எல்லோருக்கும் மிக்க நன்றி. சுன்னாகம் ஐயா சொன்னபடி திரையின் இடைவெளியை 700 ஆக்கியதும் உதைப்பின் தாளமும் அதனோடு சேர்ந்து இறங்கியது. டைமர் 1 க்கு மாற்றி, மோட்டரை 11 ஆம் முனைக்குக் கொண்டுபோன பின்னர், திரை ஓடும்போதே உதைப்பு முற்றாக நின்றுவிட்டது. இடைவெளியின் மிகக்குறைந்த, மிகக்கூடிய பெறுமானங்கள் 10 மில்லிசெக்கனிலிருந்து 20 மைக்கிரோசெக்கனுக்கு மேல் விலகவில்லை. ஆனால் வண்டி இன்னும் இரண்டு மூன்று செக்கன்களுக்கு ஒருமுறை ஓரிரு சென்ரிமீற்றர் தூரம் மெதுவாகப் போய் வருகின்றது. திரையைக் கழற்றினாலும் அது மாறவில்லை. மிகுதித் தளம்பல்தான் காரணமா, அக்கா?

அச்சுவேலியாள்

இல்லை, தம்பி. 10 மில்லிசெக்கனில் 20 மைக்கிரோசெக்கன் என்பது 0.2 சதவீதம், வேக மதிப்பீட்டில் அது தரும் பிழையும் அதே 0.2 சதவீதம். உங்கள் மாறுந்தடையின் ஒரு படிக்கே அதைவிடப் பன்மடங்கு பிழை உண்டு. நேரத்தைப் பற்றிய தேடலை இத்தோடு நிறுத்தலாம்.

சுன்னாகம் மின்னியலாளர்

நீர் இப்போது காண்பது உராய்வு. நிலையான உராய்வும் பற்சக்கரத் தளர்வும் உள்ள வண்டியில், சிறிய கட்டளைக்கு மோட்டர் அசையாது. சாய்வு வளர்ந்து கட்டளை அந்த எல்லையைத் தாண்டியதும் வண்டி சட்டென்று நகர்ந்து, தேவைக்கு மேல் போய், மறுபக்கம் அதே கதை தொடங்கும். வீச்சம் கூடாமலும் குறையாமலும் நிற்கும் அலைவு இதற்கு அடையாளம். ஊசலைக் கழற்றிவிட்டு, பி.டபிள்யு.எம். பெறுமானத்தை ஒவ்வொன்றாக ஏற்றி, வண்டி எந்த எண்ணில் அசையத் தொடங்குகின்றது என்பதை இரு திசைகளிலும், தண்டவாளத்தின் நடுவிலும் ஓரங்களிலும் குறித்துக்கொள்ளும். இரு திசைக்கும் ஒரே எண் வராது. கட்டளை நேராக இருந்தால் முன்திசை எண்ணையும், மறையாக இருந்தால் பின்திசை எண்ணையும், குறித்தவற்றுள் மிகச் சிறியதிலும் சற்றுக் குறைத்து, கட்டளையோடு சேரும். முழுதாகச் சேர்த்தால் சுழியைக் கடக்கும்போதெல்லாம் மோட்டர் நடுங்கிச் சத்தமிடும். முக்கால்வாசியில் தொடங்கி ஏற்றிப் பாரும்.